கல்லூரியில் மீன் தொட்டி எதற்கு?

(விருதுநகரில் கல்லூரி மாணவர்களும் சுற்று வட்டாரக் கிராமத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம், அக்வாபோனிக்ஸ் என்னும் மீன்-செடி கூட்டு வளர்ப்பையும், நிலத்தையும் நீரையும் பாழாக்காத உணவு உற்பத்தியையும் சர்வகலாசாலை மாணவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதைப் பற்றியதாகும். இதைப் பேச என்னை அழைத்தது கொஞ்சம் வேடிக்கையான காரியந்தான். ஏனெனில் நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காலண்டர் அடிக்கும் ஓர் அச்சாபீசில் நின்றுகொண்டே எழுத்தும் உலகமும் படித்தவன். ராகுகாலம், எமகண்டம் என்று லட்சக்கணக்கான தாள்களை அடித்துத் தள்ளிய அந்த ஆபீசில், மிஷின் நின்று போனால் யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை, மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டார்கள். பகுத்தறிவின் முதல் பாடத்தை நான் அங்கேதான் படித்தேன்.

ஆகையால் நான் சொல்லுவதைப் பண்டிதர் வாக்கு என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் புத்தியில் போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! "பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவது மீன் தொட்டி கழுவவா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி கோபப்படத்தக்க கேள்வியல்ல. தீப்பெட்டி ஒட்டியும், பட்டாசுக்குத் திரி வைத்தும், வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே பேசிக்கொண்டு போவது நியாயமாகாது. அந்தப் பதிலைச் சொல்லுவதற்கு முன் இந்தக் காரியம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்வாபோனிக்ஸ் என்றால் என்ன?

ஒரு தொட்டியில் மீன் இருக்கிறது. பக்கத்தில் மண்ணில்லாத பாத்தி ஒன்று இருக்கிறது. அது ஜல்லி நிரப்பிய பாத்தியாகவோ, நீரின்மேல் மிதக்கும் அட்டையில் செடி நட்டதாகவோ இருக்கலாம். மீன் தொட்டியின் நீர் பாத்திக்குப் போகிறது. பாத்தியிலிருந்து மறுபடியும் தொட்டிக்கே திரும்புகிறது. பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். மீனுக்குப் போடும் தீனியிலுள்ள நைட்ரஜன் சத்தில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோதான் மீனின் உடம்பில் சேருகிறது. பாக்கி எல்லாம் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் நீருக்கே வந்து விடுகிறது. அதில் பெரும்பாகம் அம்மோனியா. அம்மோனியா ஏறினால் மீன் செத்துப்போகும். ஆகவே மீன் மாத்திரம் வளர்ப்பவன் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செடி மாத்திரம் நீரில் வளர்ப்பவனோ, உரத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்க வேண்டும். ஒருவனுக்குக் கழிவாயிருப்பதே மற்றவனுக்கு உரமாயிருக்க, இரண்டையும் ஒரே நீரில் சேர்த்துவிட்டால் கொட்டுகிற செலவும் வாங்குகிற செலவும் பெரிதும் குறைகின்றன.

ஆனால் அம்மோனியா அப்படியே செடிக்குப் போய்விடுவதில்லை. இடையிலே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இரண்டு வகை வேலை செய்கின்றன. முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. அதுவும் மீனுக்கு விஷந்தான். இரண்டாவது வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இது மீனை எளிதில் வருத்தாது. செடிக்கோ நல்ல உணவு. புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் வேண்டிய அளவு பெருகுவதற்கு மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை நிரப்பினால் காலையில் மீன் மிதக்கும். தொட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினாலும், திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தாலும் அந்த ஆறு வாரம் ஐந்து நாளாகி விடாது.

காரணம் கண்ட விதம்

கழிவும் சாணமும் கலந்த மண்ணில் நைட்ரேட் உப்பு உண்டாவது உலகத்துக்கு வெகு காலமாகத் தெரியும். ஏன் உண்டாகிறது என்பதுதான் தெரியாமலிருந்தது. 1877ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயின் வழியாகச் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சுமார் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியில் வந்த நீரில் நைட்ரேட் தோன்றிற்று. உடனே அவர்கள் "கண்டுபிடித்து விட்டோம்" என்று கூத்தாடவில்லை. கிருமிகளை மயக்கும் குளோரோபாரத்தை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நைட்ரேட் நின்றுபோயிற்று. அதை நீக்கிவிட்டு, தோட்டத்து மண்ணைக் கரைத்த நீர் கொஞ்சம் விட்டார்கள். மறுபடியும் நைட்ரேட் வர ஆரம்பித்தது. ஆகவே இது உயிருள்ள பொருள்களின் வேலை என்று தீர்மானித்தார்கள். 1890இல் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்யர் அந்தக் கிருமிகளையே தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

மாணவத் தோழர்களே! விஞ்ஞானம் என்பது இந்த முறைதான். ஒரு காரணத்தை ஊகிப்பது. அதை நீக்கிப் பார்ப்பது. திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. இதில் ரிஷி வாக்குக்கு இடமில்லை. "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்பதற்கும் இடமில்லை. ஒரு மீன் தொட்டியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்த்துவிடலாம். பரீட்சைக்காக நைட்ரஜன் சுழற்சி என்று படம் போட்டு அம்புக்குறி இழுத்தவனுக்கும், தினமும் காலையில் நீரை எடுத்துச் சோதித்து அம்மோனியா இறங்குவதையும் நைட்ரேட் ஏறுவதையும் நோட்டில் குறித்தவனுக்கும் உள்ள வித்தியாசம், நீச்சலைப் பற்றிப் படித்தவனுக்கும் கிணற்றில் குதித்தவனுக்கும் உள்ள வித்தியாசமாகும்.

வெடியுப்பும் கீரையும்

இந்த நைட்ரேட் நம் ஜில்லாவுக்குப் புதியதல்ல. நம் ஊரில் வெடியுப்பு என்கிறோமே, அது பொட்டாசியம் நைட்ரேட். பச்சை ஒளிக்குப் போட்டு வந்தது பேரியம் நைட்ரேட். இவற்றிலுள்ள நைட்ரேட்டும், மீன் தொட்டியில் கிருமி செய்து கொடுக்கும் நைட்ரேட்டும் ஒன்றேதான். ஓரிடத்தில் அது கந்தகத்தோடும் கரியோடும் சேர்ந்து வெடிக்கிறது. மற்றோரிடத்தில் அரைக்கீரையின் வேருக்குள் போய் இலையாகிறது.

தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொள்ளுவதற்கு முன் வெடியுப்பு எங்கிருந்து வந்தது? மாட்டுத் தொழுவத்து மண்ணிலும், பழைய மண்சுவர் ஓரத்திலும் பூக்கும் உப்பைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி எடுத்தார்கள். பீகாரில் இதைச் செய்தவர்கள் நோனியா என்னும் ஜாதியார். அவர்கள் எடுத்த உப்பைப் பாட்னாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பியது. ஐரோப்பாவின் பீரங்கிகள் அதைக் கொண்டு முழங்கின. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எவ்வளவு உப்பு என்று கைப்பிடி மண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு நம் சமுதாயம் கொடுத்த பட்டம் என்ன? கீழ் ஜாதி என்பது. சாணத்தையும் மூத்திரம் ஊறிய மண்ணையும் தொட்டதற்காக அந்தப் பட்டம். அதே காலத்தில் மண்ணையே தொடாதவன் பிரம்மத்தைப் பற்றி வியாக்கியானம் எழுதி மேல் ஜாதியாயிருந்தான்.

தோழர்களே! நம் தேசத்தின் பெரிய நஷ்டம் இதுதான் என்று நான் கருதுகிறேன். கை அறிந்ததை எழுத்து அறியவில்லை. எழுத்து அறிந்தவன் கையை அழுக்காக்கவில்லை. மீன் பிடித்தவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் போனவனுக்கு மீன் நாற்றம் தீட்டு. அந்த நோனியாவின் கையில் ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்து, அவன் பிள்ளையைச் சரிசமமாகப் படிக்கவும் வைத்திருந்தால், ஷ்லேசிங்கும் மியூன்ட்ஸும் கண்ட காரணத்தை நம்மவன் ஒருவன் முன்னாலேயே கண்டிருக்கலாமல்லவா? கல்லூரியில் மீன் தொட்டி எதற்கு என்று கேட்டால், அறுத்துப் பிரித்து வைத்த இந்தக் கையையும் மூளையையும் சேர்த்துத் தைப்பதற்கு என்பதுதான் என் முதல் பதில்.

அடிமைத் தீவில் நடந்த பாடம்

இது நடக்கக் கூடிய காரியமா என்று கேட்கலாம். நடந்த இடத்தைச் சொல்லுகிறேன். கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு சிறு தீவு. டேனிஷ்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை வைத்து அங்கே கரும்பு விளைவித்தார்கள். 1848இல் அடிமைகள் கிளம்பி எழுந்து விடுதலை பெற்றார்கள். 1917இல் அந்தத் தீவுகளை அமெரிக்கா விலைக்கு வாங்கிற்று. 1962இல் அங்கே ஒரு கல்லூரி ஏற்பட்டது. இன்று அது வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகம். அடிமைகளின் சந்ததியார் படிக்கும் இடம்.

அந்தத் தீவில் நம் கரிசல் சீமையைப் போலவே நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். ஜேம்ஸ் ரக்கோசி என்னும் பேராசிரியர் அங்கே 1980 முதல் கூட்டாளிகளோடு முப்பது வருஷ காலம் இந்த வளர்ப்பை ஆராய்ந்தார். அவர்கள் அமைத்த பண்ணையில் 7,800 லிட்டர் கொள்ளும் மீன் தொட்டிகள் நாலு. செடிப் பாத்தி 214 சதுர மீட்டர். மொத்த நீர் சுமார் 1,10,000 லிட்டர். தினமும் புதிதாகச் சேர்த்த நீர் அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். ஒவ்வொரு தொட்டியிலும் மீன் 24 வாரம் வளரும். நாலு தொட்டியையும் முறை வைத்து விட்டதால் ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டி அறுவடைக்கு வரும். இப்படி வருஷத்துக்கு 4 டன்னுக்கு மேல் திலாப்பியா மீன், அதாவது நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே அந்த இனம், கிடைத்தது. கீரையும் துளசி வகையும் தனி.

மீனைக் காட்டிலும் எனக்குப் பெரிதாய்ப் படுவது அவர்கள் கற்பித்த விதம். வருஷந்தோறும் நடத்திய சிறு பயிற்சியில், பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் பண்ணை. கணக்குப் போட்டவனே மீனையும் எடை போட வேண்டும். பல தேசங்களிலிருந்து ஆட்கள் போய் அங்கே கற்று வந்தார்கள். அந்தக் கணக்குகளையும் அவர்கள் ஒளித்து வைக்காமல் அச்சிட்டு உலகத்துக்குக் கொடுத்து விட்டார்கள். உலக உணவு விவசாய ஸ்தாபனமும் 2014இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டது. அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். "குருமுகமாகத்தான் கேட்க வேண்டும், சூத்திரன் காதில் விழக்கூடாது" என்று வைத்திருந்த வித்தைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

நம் நாட்டிலும் இடமில்லாமல் இல்லை. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடக்கிறது. 2012இல் மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்படுத்தியது. அக்வாபோனிக்ஸ் பயிற்சியும் அங்கே நடந்திருக்கிறது. விருதுநகரிலிருந்து தூத்துக்குடி எத்தனை மணிப் பிரயாணம்? கோயிலுக்குப் பஸ் பிடித்துப் போகிறவர்கள் ஒரு தடவை அங்கேயும் போய்ப் பார்த்து வரலாம்.

இது குலக் கல்வியா?

நிற்க, நம் இயக்கத் தோழர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். "1953இல் ஆச்சாரியார் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தாரே, அதைக் குலக் கல்வி என்று நாம் எதிர்த்தோமே, இப்போது நீ பாதி நாள் மீன் தொட்டி என்கிறாயே?" என்பது அந்தக் கேள்வி.

அந்தத் திட்டத்தை எதிர்த்தது ஆயிரம் தடவை சரி. 1954இல் அவர் பதவியை விட்டுப்போக, இந்த விருதுநகரில் பிறந்த காமராசர் முதல் மந்திரியாக வந்து அத்திட்டத்தை ஒழித்ததும் சரி. ஆனால் எதை எதிர்த்தோம் என்பதை மறந்துவிடக் கூடாது. கை வேலையை நாம் எதிர்க்கவில்லை. வண்ணான் மகன் வெளுக்க வேண்டும், சக்கிலி மகன் செருப்புத் தைக்க வேண்டும், குருக்கள் மகன் மணியாட்ட வேண்டும் என்ற பிறவிக் கணக்கைத்தான் எதிர்த்தோம். எழுத்தறியாத வயதில் குழந்தையின் படிப்பு நேரத்தைப் பிடுங்கியதை எதிர்த்தோம்.

இங்கே சங்கதி வேறு. பள்ளிப் படிப்பு முழுவதும் முடித்து, புத்தி முதிர்ந்த மாணவன், தன் அப்பன் செய்யாத ஒரு வேலையை, அதன் ரசாயனத்தோடும் கணக்கோடும் கற்றுக்கொள்ளுகிறான். எண்ணெய்ச் செட்டு முதலாளி மகனும் மீன் கழிவை அள்ள வேண்டும். அருந்ததியர் வீட்டுப் பெண்ணும் நுண்ணோக்கியில் கிருமியைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. தொட்டி கழுவும் முறை வரும்போது சில பிள்ளைகளை மாத்திரம் கூப்பிடுவதும், கணக்கு எழுதும் முறை வரும்போது வேறு சில பிள்ளைகளைக் கூப்பிடுவதுமாக ஒரு கல்லூரி நடந்துகொண்டால், அது குலக் கல்வியே தவிர வேறல்ல. அப்போது எதிர்த்து நிற்பவர்களில் நானும் ஒருவனாயிருப்பேன். முறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். எல்லோர் பெயரும் எல்லா வேலைக்கும் இருக்கட்டும்.

நம் ஊரில் எப்படிக் கற்பிப்பது?

முதல் பாடம் தண்ணீர். நம் பட்டாசுப் பிரதேசத்தில் இது மிகவும் முக்கியம். பட்டாசு வேலை நடக்கும் இடங்களில் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருப்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்ளுவதைத் தடுக்கக் கூடியது. கீரை அதை உறிஞ்சி இலையிலே சேர்த்து வைத்துக்கொள்ளும். சுற்றி வரும் நீரில் செடி எடுத்துக்கொள்ளாத உப்பெல்லாம் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும். ஆகவே போர்க் குழாய் நீரைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் விடக் கூடாது. நல்ல சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்த்த பிறகே விட வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதையும் போக்கித்தான் விட வேண்டும். இல்லாவிட்டால் கிருமியும் சாகும், மீனும் சாகும்.

கல்லூரிக்கு மொட்டை மாடி இருக்கிறதே! நம் ஜில்லாவில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 80,000 லிட்டர். நாலில் ஒரு பங்கு வீணானாலும் 60,000 லிட்டர் மிச்சம். இந்தப் பெருக்கலைப் போடாமல் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கழுதைக்குக் கல்யாணம் செய்த செலவில் இரண்டு குழாய் வாங்கி மாடியிலிருந்து தொட்டிக்கு இறக்கியிருக்கலாம்.

இரண்டாம் பாடம் கணக்கு. மிதவைப் பாத்தியில் இலைக்கீரை வளர்ப்பதற்குச் சதுர மீட்டர் ஒன்றுக்குத் தினம் 60 முதல் 100 கிராம் வரை மீன் தீனி போடலாம் என்று செயின்ட் குரோய்க்காரர்கள் கண்டார்கள். பத்துச் சதுர மீட்டர் பாத்தி என்றால் அதிகமாய்ப் போனால் தினம் ஒரு கிலோ தீனி. வருஷத்துக்கு 365 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு ஒன்றே முக்கால் கிலோ தீனி என்று வைத்தால் சுமார் 200 கிலோ மீன். தீனியின் விலை, மீனின் விலை, கரண்டுச் செலவு, குஞ்சின் விலை எல்லாவற்றையும் உள்ளூர்ச் சந்தையில் விசாரித்து மாணவர்களே எழுத வேண்டும். விளைவது ஒன்றுமில்லை, விலை சொல்லுவது விருதுநகர் என்று பேர் எடுத்த ஊர் இது. கணக்குக்கு இங்கே பஞ்சமா?

மூன்றாம் பாடம் ஆபத்து. நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டியில் கரண்டு நின்று காற்று போகாவிட்டால், ஒரு மணி நேரத்திலேயே மீன் தலைகீழாகிவிடலாம். ஆகவே மாற்று ஏற்பாட்டை முதலில் வைத்துவிட்டுப் பிறகு மீன் வாங்க வேண்டும். திலாப்பியாவை நம் நாட்டுக்கு 1952இல் கொண்டுவந்தார்கள். அது குளங்களில் பரவி நாட்டு மீன்களை நெருக்கிவிட்டது. ஆகவே வீரிய ரகத் திலாப்பியாவை வளர்க்க சர்க்கார் அனுமதி வேண்டும். தொட்டி மீன் கண்மாய்க்குப் போகாமல் காபந்தும் வேண்டும். சட்டத்தை மீறிக் கற்றுக் கொடுப்பது கல்வியாகாது.

நாலாவது பாடத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறேன். மாதவிலக்கான பெண் தொட்டால் செடி பட்டுப்போகும் என்று இன்னும் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் ஒரே நீர், ஒரே நாற்று, ஒரே வெயில் உள்ள இரண்டு பாத்தி போடுங்கள். ஒன்றை அந்த நாட்களிலும் பெண்களே தொட்டு வளர்க்கட்டும். மற்றொன்றை ஆண்கள் வளர்க்கட்டும். அறுவடை அன்று இரண்டையும் தராசில் வையுங்கள். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாத வேலையை அந்தத் தராசு செய்துவிடும். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியிடம் சொல்லுவாள். பாட்டி நம்பாவிட்டாலும் பேத்தி ஒருபோதும் நம்பமாட்டாள்.

புது மூட நம்பிக்கை

தோழர்களே! பழைய மூட நம்பிக்கையை மாத்திரம் கண்டிப்பது பகுத்தறிவாகாது. புதிதாகக் கிளம்புவதையும் கண்டிக்க வேண்டும். அக்வாபோனிக்ஸைச் சுற்றியும் இப்போது ஒரு பூசாரிக் கூட்டம் உண்டாகி வருகிறது. "ரசாயனமே வேண்டாம், தண்ணீரே செலவில்லை, மாடியில் வைத்தால் மாதம் இவ்வளவு லாபம்" என்று பேசி, மூவாயிரம் பெறாத தொட்டியை முப்பதாயிரத்துக்கு விற்கிறார்கள்.

உண்மை என்ன? கிருமிகள் வேலை செய்யச் செய்ய நீர் புளிப்பேறும். அதைச் சமப்படுத்த அந்தத் தீவிலேயே சுண்ணாம்பும் பொட்டாஷ் காரமும் மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். மீன் தீனியில் செடிக்குப் போதிய இரும்பு இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரும்புச் சத்தும் சேர்த்தார்கள். பூச்சி மருந்து அடித்தால் மீன் சாகும். மீனுக்கு மருந்து விட்டால் கிருமியும் செடியும் கெடும். இப்படி ஒன்றுக்கொன்று பூட்டிய காரியம் இது. தண்ணீர் மிச்சமாகும் என்பது மெய். எவ்வளவு மிச்சம் என்பது அந்தந்த ஊர் வெயிலையும் காற்றையும் பொறுத்தது. அளந்தே சொல்ல வேண்டும்.

அன்றியும், இதில் கீரை வளரும், தக்காளி வளரும், மீன் வளரும். கம்பும் சோளமும் உளுந்தும் தொட்டியில் விளைந்து ஊருக்குச் சோறு போடப் போவதில்லை. ஆகவே நிலைத்த உணவு உற்பத்தி என்று கற்பிக்கிறவர்கள் தொட்டியோடு நின்றுவிடக் கூடாது. கண்மாய் தூர் வாருவது, கரம்பை மண்ணை வயலுக்கு அடிப்பது, கண்மாய் மீன், மானாவாரிப் பயிர் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும். மானாவாரிக்கென்றே கோவில்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் ஆராய்ச்சிப் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே மாணவரை அழைத்துப் போக வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, நம் முன்னோர் கண்மாயிலேயே இதையெல்லாம் கண்டார்கள்" என்பார். நாளைக்கு ஒரு சாஸ்திரியார் வந்து, மச்சாவதாரம் என்பதே அக்வாபோனிக்ஸ்தான் என்று சொன்னாலும் சொல்லுவார். கண்மாய் நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. அதை வெட்டினவன் உழைப்பாளி. ஆனால் அந்தக் கண்மாயில் எந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று ஜாதிக்கு ஒரு படித்துறை வைத்தவர்களும் அந்த முன்னோர்களில்தான் இருந்தார்கள். முன்னோரின் கரையை வைத்துக்கொள்ளுவோம். அவர்கள் வைத்த தீட்டைத் தள்ளிவிடுவோம்.

சிவகாசியின் சங்கதி

கடைசியாக, இது நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிவகாசித் தொழிலுக்குப் பதிலாக எல்லோரும் மீன் தொட்டி வைத்துப் பிழைக்கலாம் என்று நான் சொன்னால் அது பெரிய மோசடியாகும். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சோறு போடுகிற கூட்டத்துக்கு நூறு தொட்டிகள் எந்த மூலைக்கு?

ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1923வாக்கில் இந்தச் சீமையில் மழை இல்லை, பிழைப்பு இல்லை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கையால் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அது அவர்கள் குலத்தொழில் அல்ல. எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. மழையில்லாத வறட்சி பயிருக்குக் கேடானாலும் தீப்பெட்டி உலர்வதற்கு நல்லது என்பதை உபயோகித்துக்கொண்டார்கள். சிவகாசியின் தொழில் இப்படித்தான் பிறந்தது.

பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. குழந்தைகளின் கையை வைத்து அந்தத் தொழில் வளர்ந்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்த அநியாயம் நடந்தது. 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டி வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் விபத்துக்கள் நின்றபாடில்லை. ஒவ்வொரு தடவையும் "விதி" என்கிறார்கள். விதியல்ல தோழர்களே! உராய்வு, வெப்பம், கலவையின் அளவு, ஓர் அறையில் இருக்க வேண்டியதற்கு மேல் ஆட்கள், பேராசை ஆகிய இவைதான் காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அளவை மீறினால் பலன் உண்டு. 2018இல் பேரியம் உப்புப் போட்ட பட்டாசைச் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தபோது, மாற்றுக் கலவை தெரிந்தவர்கள் எத்தனை பேர் நம்மிடையே இருந்தார்கள்? வேலை போய்விடுமே என்று பயந்த கை லட்சம். ரசாயனம் தெரிந்த கை சொற்பம்.

அன்று தீப்பெட்டி ஒட்டிய குழந்தைகளின் பிள்ளைகள்தான் இன்று கல்லூரி வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மீன் தொட்டி கற்றுக்கொடுப்பது, எல்லோரும் மீன்காரராவதற்காக அல்ல. அம்மோனியா ஏறுவதைக் கண்டு மீன் சாவதற்கு முன் காரணத்தைத் தேடிப் பழகியவன், பட்டாசு அறைக்குள் போனாலும், அச்சாபீசுக்குப் போனாலும், வயலுக்குப் போனாலும் அந்தப் பழக்கத்தோடுதான் போவான். "ஏன் இந்த அறையில் இத்தனை பேர்? இந்தக் கலவையின் அளவு என்ன?" என்று கேட்பான். அவ்விதம் கேட்கிறவன் இருக்கிற இடத்தில் "விதி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுவது கஷ்டம்.

ஆகவே தோழர்களே, மாணவர்களுக்கு நான் சொல்லுவது: தொட்டியில் இறங்குங்கள், அளந்ததை எழுதுங்கள், மீன் செத்தாலும் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஆசிரியர்களுக்குச் சொல்லுவது: அதிகாரி வருகிற நாளைக்காகத் தொட்டி வைக்காதீர்கள், செத்த மீனுக்குக் காரணம் கண்ட பிள்ளைக்கும் மார்க்குப் போடுங்கள். கல்லூரி நடத்துகிற செல்வர்களுக்குச் சொல்லுவது: வாசலில் பிள்ளையார் கோயில் கட்டுகிற பணத்தில் நீர் சோதிக்கும் ஒரு சிறு சோதனைச்சாலை கட்டுங்கள், சுற்றுப்பட்டுக் கிராமத்தார் தங்கள் கிணற்று நீரைக் கொண்டுவந்து அங்கே சும்மா சோதித்துக்கொண்டு போகட்டும். பெற்றோர்களுக்குச் சொல்லுவது: உங்கள் பிள்ளை தொட்டி கழுவுகிறான் என்று வருந்தாதீர்கள், கழுவுகிற நீரில் என்ன இருக்கிறது என்று அவனைக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவன் படித்தவன். தெரியாவிட்டால், எத்தனை பட்டம் வாங்கினாலும், திரும்ப அனுப்புங்கள்.

நான் சொன்னவற்றில் சந்தேகமுள்ளவர்கள் இங்கேயே எழுந்து கேட்க வேண்டுமென்று கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.